ஸ்னேப்பைப் பிடித்திருக்கிறது என்றால் தப்பாகப் படித்துவிட்டோம் என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களையும் முதல் தடவையாகப் படித்து முடித்திருக்கிறீர்கள். பெரிய வில்லன் வோல்டமோர்ட் மீது பெரிதாகப் பயமோ கோபமோ வரவில்லை, ஆனால் அம்பிரிட்ஜ் என்ற ஆசிரியை வருகிற பக்கங்களில் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்திருக்கிறது. வாத்தியார் ஸ்னேப் ரொம்பப் பிடித்துப்போனார், அதைச் சொன்னதும் உங்கள் தோழி "சின்னப் பிள்ளைகளை அழவைத்த ஆளை எப்படி உனக்குப் பிடிக்கிறது" என்று சண்டைக்கு வந்துவிட்டார். ஹாரியைப் பற்றி மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் நான் தப்பாகப் படித்துவிட்டேனா, உங்களுக்குப் பிடித்த நாயகனும் வில்லனும் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒரு பாத்திரத்தைப் பிடிப்பதும் அந்தப் பாத்திரம் செய்ததை ஒத்துக்கொள்வதும் ஒன்றா?

இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால் உங்கள் தோழியிடம் போய் நிற்க உங்களுக்கு ஒன்றும் இருக்காது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பதினெட்டு வருடமாகச் சிறுவர், இளைஞர் நாவல்களை எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. கைப்பிரதியாக வருகிற கதைகளில் பாதிக்கு மேல் மந்திரமும் ராஜ்யமும்தான். இந்தத் தொடரை முழுதாக நான்கு தடவை படித்திருக்கிறேன், அதில் இரண்டு தடவை வேலைக்காக, பென்சிலோடு. உளவியல் படித்தவன் இல்லை. உங்கள் மனசுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு வழியும் இல்லை, உரிமையும் இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதுவரை உறுதியாகப் பேசுவேன். அதைத் தாண்டி என் ஊகத்துக்குள் போகும்போது, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

அம்பிரிட்ஜிலிருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். முதலில் ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 1997-லிருந்து 2007 வரை வந்த ஏழு புத்தகங்களில் வோல்டமோர்ட் நேரில் வருகிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம். மூன்றாம் புத்தகத்தில் அவன் நேரில் வருவதே இல்லை. இரண்டாவதில் வருவது பதினாறு வயது டாம் ரிடிலின் நினைவு, அதுவும் ஒரு நாட்குறிப்பிலிருந்து. ஐந்தாவதில் ஹாரியின் கனவிலும் தலைவலியிலும் இருக்கிறானே தவிர, நேரில் வருவது கிட்டத்தட்ட முடிகிற இடத்தில். ஆறாவதில் மற்றவர்களின் நினைவுகளுக்குள் மட்டும். அதாவது தொடரின் பெரும்பகுதியில் அவன் ஒரு வதந்தி, பெயர் சொல்லக்கூடப் பயப்படுகிற ஒரு இடைவெளி. இது ஆசிரியர் விட்ட ஓட்டை என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, தூரத்தில் இருப்பதால்தான் அவன் பெரிதாகத் தெரிகிறான். டோல்கீனின் மோதிரக் கதையில் வில்லன் சாரோன் நேருக்கு நேர் வந்து நின்று பேசுகிற காட்சியே கிடையாது, அதனால் யாருக்கும் குறை தெரிவதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தூரத்தில் இருக்கிற தீமையைப் பார்த்துப் பிரமிக்கலாம், பயப்படலாம், பல்லைக் கடித்துக்கொண்டு வெறுக்க முடியாது. வெறுக்க வேண்டுமென்றால் ஆள் பக்கத்தில் வர வேண்டும், குரல் கேட்க வேண்டும், அறையில் என்ன மாட்டி வைத்திருக்கிறாள் என்று தெரிய வேண்டும்.

அம்பிரிட்ஜின் அறையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு இப்போதே சொல்லத் தெரியும் இல்லையா? லேஸ் விரிப்பு, காய்ந்த பூ, சுவர் முழுக்க பூனைக்குட்டி போட்ட தட்டுகள். இளஞ்சிவப்பு கார்டிகன். பேசுவதற்கு முன்னால் ஒரு செருமல். முதலில் இவ்வளவும் வந்துவிடுகிறது. அப்புறம்தான் அந்தப் பேனா, எழுதுகிறவனின் ரத்தத்தையே மையாக எடுத்துக்கொள்கிற பேனா. "நான் பொய் சொல்லக் கூடாது" என்று ஹாரி காகிதத்தில் எழுத எழுத அது அவன் கைமேல் வெட்டாகப் பதிகிறது. இதில் அவன் சொன்ன 'பொய்' என்ன? வோல்டமோர்ட் திரும்பி வந்துவிட்டான் என்ற உண்மை. உண்மை சொன்னவனை அவன் கையாலேயே தன்னைப் பொய்யன் என்று எழுதவைப்பது, அதுவும் எதிரே உட்கார்ந்து புன்னகைத்தபடி. இந்தத் தொடரில் கொலைகள் நிறைய இருக்கின்றன, சித்திரவதை இருக்கிறது, ஆனாலும் இந்தக் காட்சிதான் வாசகர்களின் வயிற்றைப் பிசைகிறது. அந்தத் தழும்பு அந்தப் புத்தகத்தோடு போவதும் இல்லை, ஏழாம் புத்தகத்தில் மந்திரிசபைத் தலைவர் வந்து ஒத்துழைப்பு கேட்கும்போது ஹாரி அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுகிறான்.

கொஞ்சம் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். வோல்டமோர்ட் மாதிரி ஆன்மாவைத் துண்டு போட்டு ஒளித்து வைத்த ஆளை நீங்களும் சந்தித்ததில்லை, நானும் சந்தித்ததில்லை. அம்பிரிட்ஜைச் சந்திக்காதவர் யார்? எனக்குப் பள்ளியில் ஒரு ஆசிரியை இருந்தார், குரலை ஒருநாளும் உயர்த்த மாட்டார், "கண்ணா" என்றுதான் கூப்பிடுவார், அந்தக் கண்ணாவுக்கு அப்புறம் என்ன வரும் என்று தெரிந்து வகுப்பே உறைந்துபோகும். ஐந்தாம் புத்தகத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் உள்ளங்கை வேர்த்தது. இது என் அனுபவம்தான், எல்லாருக்கும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பேசிய வாசகர்களில் அநேகமாக எல்லாரும் அம்பிரிட்ஜ் என்றதும் புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு உண்மையான ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ரௌலிங்கும்கூட இந்தப் பாத்திரத்தின் விதை தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த, தனக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்காமல் போன ஒருவரிடமிருந்து வந்தது என்று பின்னால் எழுதியிருக்கிறார். ஸ்டீபன் கிங், பயமுறுத்துவதையே தொழிலாக வைத்திருக்கிற மனிதர், 2003-ல் எழுதிய மதிப்புரையில் ஹானிபல் லெக்டருக்குப் பிறகு வந்த மிகச் சிறந்த கற்பனை வில்லன் இந்த அம்மாதான் என்றார். ஆகவே உங்கள் வெறுப்புக்கு நல்ல துணை இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதை முதல் வாசிப்பில் நானும் தவறவிட்டேன். அம்பிரிட்ஜ் வோல்டமோர்ட்டின் ஆள் கிடையாது. ஐந்தாம் புத்தகத்தில் அவள் மந்திரிசபையின் அதிகாரி, எல்லாமே ஆணை எண்ணோடுதான் நடக்கும். இருபத்து நான்காம் ஆணை மாணவர் குழுக்களைக் கலைக்கும், இருபத்தாறாம் ஆணை ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எதையும் மாணவர்களிடம் பேசக் கூடாது என்னும். அப்படியென்றால் வெடிக்கிற சீட்டு விளையாடுகிறவர்களை நீங்களும் கண்டிக்க முடியாதே, அது உங்கள் பாடத்தில் இல்லையே என்று மாணவன் லீ ஜோர்டன் கேட்டுவிடுவான், அடுத்து அவனைப் பார்க்கும்போது கை ரத்தமாக இருக்கும். ஏழாம் புத்தகத்தில் ஆட்சி மாறிவிட்டது, இப்போது வோல்டமோர்ட்டின் ஆட்கள்தான் மந்திரிசபையை நடத்துகிறார்கள், அம்பிரிட்ஜ் அதே கட்டடத்தில், அதே புன்னகையோடு, மாகிள், அதாவது மந்திரம் இல்லாத சாதாரணக் குடும்பத்தில் பிறந்த மந்திரவாதிகளை விசாரிக்கிற ஆணையத்துக்குத் தலைவியாக உட்கார்ந்திருக்கிறாள். யார் ஆண்டாலும் அவளுக்கு வேலை இருக்கிறது. அந்த விசாரணை அறையில் கீழே சந்தோஷத்தை உறிஞ்சுகிற டிமென்டர்கள், மேலே அவற்றிடமிருந்து அவளைக் காக்கிற பூனை வடிவ ஒளி, பேட்ரோனஸ். பேட்ரோனஸ் வரவேண்டுமென்றால் மனசார ஒரு சந்தோஷம் வேண்டும், இது மூன்றாம் புத்தகத்திலிருந்தே நமக்குத் தெரியும். அவள் கழுத்திலோ வோல்டமோர்ட்டின் ஆன்மாத் துண்டு அடைத்த லாக்கெட். அதே லாக்கெட்டைப் பின்னால் ஹாரி போட்டிருக்கும்போது அவனுக்குப் பேட்ரோனஸே வராது, அவன் நண்பன் ரானுக்கு அது போட்ட நாளெல்லாம் மனசு கசந்துபோகும். அம்பிரிட்ஜை அது தொடவே இல்லை. அழுகிற ஒரு பெண்ணை எதிரே நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பேட்ரோனஸ் பளிச்சென்று எரிகிறது, ஏனென்றால் அந்த இடத்தில் அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறாள். லாக்கெட் அவளைக் கெடுக்காததற்குக் காரணம் கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது என் ஊகம், புத்தகம் அப்படி எங்கும் சொல்வதில்லை. சந்தோஷமாக இருக்கிறாள் என்பது மட்டும் ஊகமில்லை, ஹாரியே அதைக் கவனிக்கிறான்.

வோல்டமோர்ட்டை ஒதுக்கிவிடாதீர்கள், அவனுக்காக ஒரு வார்த்தை. அவனைப் பயங்கரமானவனாகப் படித்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். சாவுக்குப் பயந்து நடுங்குகிற ஆளாகப் படித்துப் பாருங்கள், எல்லாம் பொருந்தும். அவன் செய்தது எல்லாமே சாகாமல் இருப்பதற்காக. கடைசிச் சண்டையில் ஹாரி போடுவது ஆயுதத்தைப் பறிக்கிற மந்திரம், வோல்டமோர்ட்டைக் கொல்வது அவன் போட்ட கொலை மந்திரமே திரும்பி வந்து. அப்புறம் என்ன ஆகிறது? உடல் தரையில் விழுகிறது. சாதாரணமாக, எல்லா மனிதர்களின் உடலும் விழுகிற மாதிரி, கைகள் காலியாக. திரைப்படத்தில் அவன் சாம்பல் துகள்களாகப் பறந்து காணாமல் போவான், பார்க்க அழகுதான், ஆனால் கதையின் முதுகெலும்பையே உருவிவிட்டார்கள் என்பது என் நெடுநாள் புகார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் போலச் சாகக் கூடாது என்று ஓடியவனுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே தண்டனை மற்றவர்களைப் போலச் சாவதுதான். நீங்கள் படம் பார்த்துவிட்டுப் படித்தவர் என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் போய்ப் பாருங்கள்.

சரி, ஸ்னேப். இங்கேதான் உங்களுக்கும் தோழிக்கும் சண்டை, இங்கேதான் நானும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

உறுதியானவற்றை முதலில் வைத்துவிடுவோம், இரண்டு பக்கமும். உங்கள் தோழியின் பக்கம்: மூன்றாம் புத்தகத்தில் போகார்ட் பாடம் ஞாபகம் இருக்கிறதா, அலமாரியிலிருந்து வெளியே வருவது உங்களுக்கு எது மிகப் பயமோ அதன் வடிவம் எடுக்கும். ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் லாங்பாட்டம் முன்னால் அது ஸ்னேப்பாக மாறுகிறது. நெவிலின் அப்பா அம்மாவை வோல்டமோர்ட்டின் ஆளான பெலாட்ரிக்ஸும் கூட்டாளிகளும் சித்திரவதை செய்தே புத்தி பேதலிக்கவைத்தவர்கள், அந்தப் பையன் வளர்ந்ததே அந்த நிழலில். அப்படிப்பட்டவனுக்குப் பதின்மூன்று வயதில் உலகத்திலேயே பெரிய பயம் ஒரு வாத்தியார். இந்த ஒரு வரியைவிடக் கடுமையான குற்றச்சாட்டை ஸ்னேப் மீது யாரும் வைக்க முடியாது. அதே நாளில்தான் நெவில் தப்பாகக் கலக்கிய மருந்தை அவன் தேரைக்கே ஊற்றிப் பார்ப்பேன் என்று மிரட்டி ஊற்றியும் காட்டுவார், ஹாரியின் தோழி ஹெர்மயனி காதில் சொல்லிக்கொடுத்ததால் தேரை பிழைக்கும், அதற்காக அவள் அணிக்கு மதிப்பெண் குறையும். நான்காம் புத்தகத்தில் மந்திரம் பட்டு ஹெர்மயனியின் பல் தாடைக்குக் கீழே வளர்ந்து நிற்கும்போது "எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்பார். இதையெல்லாம் வோல்டமோர்ட்டின் பக்கம் இருப்பதாகக் காட்டிக்கொண்ட இரட்டை ஒற்றனின் நடிப்பு என்று சிலர் சமாதானம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதல் மூன்று புத்தகங்களில் வோல்டமோர்ட் உடம்பே இல்லாமல் அலைகிறான், தேரையை மிரட்டி யாரை ஏமாற்ற வேண்டியிருந்தது?

இன்னும் கனமானது ஒன்று. வோல்டமோர்ட்டை வீழ்த்தப் பிறக்கும் குழந்தையைப் பற்றிய தீர்க்கதரிசனத்தைப் பாதி ஒட்டுக்கேட்டு வோல்டமோர்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்ததே ஸ்னேப். அது தான் காதலித்த லில்லியின், ஹாரியின் அம்மாவின், குடும்பத்தைக் குறிக்கிறது என்று தெரிந்தபிறகு லில்லியை மட்டும் விட்டுவிடும்படி தன் எஜமானனிடம் கேட்டவர். அவள் கணவனும் குழந்தையும் செத்தால் பரவாயில்லையா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் அருவருப்போடு கேட்பது ஸ்னேப்பின் சொந்த நினைவிலேயே இருக்கிறது, யாரும் இட்டுக்கட்டியது இல்லை.

இப்போது உங்கள் பக்கம். அதே நினைவுகள், ஏழாம் புத்தகத்தின் முப்பத்து மூன்றாம் அத்தியாயம். எல்லாரும் அந்தப் பெண்மான் பேட்ரோனஸையும், இத்தனை காலத்துக்குப் பிறகுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன "எப்போதும்" என்ற ஒற்றைச் சொல்லையும் நெஞ்சில் பச்சை குத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் ஸ்னேப்பை நேசிக்க அதைவிட நல்ல காரணங்கள் அதே அத்தியாயத்தில் இரண்டு இருக்கின்றன, அவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எத்தனை பேர் சாவதைப் பார்த்திருக்கிறாய் என்று டம்பிள்டோர் கேட்கும்போது, சமீபகாலமாக என்னால் காப்பாற்ற முடியாதவர்களை மட்டும்தான் என்கிறார் ஸ்னேப். அது ஒன்று. மற்றது இன்னும் சின்னது. சுவர்ப் படத்தில் இருக்கிற பழைய தலைமையாசிரியர் ஹெர்மயனியைப் பிறப்பைச் சொல்லி இழிவான அந்த வார்த்தையால் குறிப்பிடுவார், ஸ்னேப் உடனே அந்த வார்த்தையைப் பயன்படுத்தாதே என்று வெடிப்பார். பதினைந்து பதினாறு வயதில் லில்லியை அதே வார்த்தையால் திட்டித்தான் அவளை இழந்தார். இப்போது அறையில் லில்லி இல்லை, ஹாரி இல்லை, சுவர்ப் படங்களைத் தவிரப் பார்க்க ஆளே இல்லை, பேசப்படுகிற பெண்ணோ அவர் பல்லைக் கிண்டல் செய்த அதே ஹெர்மயனி. ஒரு மனிதன் உள்ளுக்குள் மாறியிருக்கிறான் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி எந்தக் கதையிலும் அதிகம் பார்த்ததில்லை. லில்லி மீதான காதல் அவரை மாற்றியதா, இல்லை காதலில் ஆரம்பித்து வேறெங்கோ போய்ச் சேர்ந்தாரா என்பது விவாதத்துக்குரியது. நான் இரண்டாவது கட்சி, இந்த இரண்டு வரியை வைத்து.

ஆகவே தோழி சொல்வதும் உண்மை, நீங்கள் உணர்ந்ததும் உண்மை, ஒன்றை வைத்து மற்றதை அழிக்கத்தான் முடியாது. நமக்கு இது புதுசும் இல்லை. கர்ணனை நினைத்து உருகாதவர் யார், செஞ்சோற்றுக் கடனுக்காகத் தெரிந்தே தோற்கிற பக்கம் நின்றவன் என்று. அதே கர்ணன்தான் சபையில் பாஞ்சாலியை வாய்கூசாமல் இழிவாகப் பேசி, அவள் துணியை உருவச் சொன்னவனும். உருகும்போது சபையை மறந்துவிடுகிறோம், சபை ஞாபகம் வந்தால் உருகியதற்கு வெட்கப்படுகிறோம். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பது கஷ்டம், ஆனால் அந்தக் கஷ்டத்துக்காகத்தான் இந்த மாதிரிப் பாத்திரங்களை எழுதுகிறார்கள். டம்பிள்டோரை எடுத்துக்கொண்டாலும் இதே சிக்கல்தான், இளமையில் கிரிண்டெல்வால்டோடு சேர்ந்து பெரிய நன்மைக்காக என்று என்னென்ன திட்டம் போட்டார் என்று பாருங்கள், ஆனால் அதற்குள் போனால் இன்னொரு பதில் ஆகிவிடும்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் போட்டு வைக்கிறேன், கோபப்படாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஸ்னேப் புத்தகத்தில் இருப்பவரா, திரையில் பார்த்தவரா? முதல் படம் வந்த 2001-ல் ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மேனுக்கு ஐம்பத்தைந்து வயது. புத்தகத்தில் ஹாரியின் பெற்றோர் லில்லி, ஜேம்ஸ் கல்லறையில் பிறந்த வருடம் 1960, இறந்தது 1981 என்று பொறித்திருக்கிறது, ஹாரிக்கு அப்போது ஒரு வயது, முதல் புத்தகத்தில் பதினொன்று, இருவரும் ஸ்னேப்பின் வகுப்புத் தோழர்கள், அப்படியென்றால் முதல் புத்தகத்தின் ஸ்னேப்புக்கு முப்பத்தொன்று. ஐம்பத்தைந்து வயது மனிதர் நிதானமாக, ஆழ்ந்த குரலில் ஒரு பையனை அடக்கினால் அது கம்பீரமாகத் தெரியும். முப்பத்தொரு வயதுக்காரன், தன் பள்ளிப் பகையை இன்னும் விடாமல், இறந்துபோன எதிரியின் பதினோரு வயது மகனிடம் தீர்த்துக்கொள்கிறான் என்றால் அது வேறு. ரிக்மேன் அற்புதமான நடிகர், அதில் பேச்சே இல்லை, அற்புதமாக நடித்ததால்தான் ஸ்னேப்பின் அற்பத்தனம் பாதி மறைந்துபோனது. உங்கள் தோழி முதலில் புத்தகம் படித்தவராகவும் நீங்கள் முதலில் படம் பார்த்தவராகவும் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. இது வெறும் ஊகம்தான், கேட்டுப் பாருங்கள்.

ஹாரியைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை என்றீர்கள். அதற்குத் தொழில்முறையாக ஒரு காரணம் சொல்ல முடியும். சில அத்தியாயங்களை விட்டுவிட்டால் மொத்தத் தொடரும் ஹாரியின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் சொல்லப்படுகிறது. ஸ்னேப்பை, லூனாவை, ஹாக்ரிடை எல்லாம் நீங்கள் பார்க்கிறீர்கள், ஹாரியை நீங்கள் பார்ப்பதில்லை, ஹாரி வழியாகப் பார்க்கிறீர்கள். போட்டிருக்கிற கண்ணாடி எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது, கீறல் விழுந்தால்தான் தெரியும். அதனால்தான் ஐந்தாம் புத்தகத்தில் ஹாரி எல்லாரிடமும் கத்திக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பலருக்கு அவன் மேல் எரிச்சல் வருகிறது, முதல் தடவையாகக் கண்ணாடி கண்ணில் படுகிறது. எனக்கு வருகிற கைப்பிரதிகளிலும் இதே நோய்தான். சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் நிறத்தோடு இருப்பார்கள், நாயகன் மட்டும் வெள்ளைத் தாள், எழுதினவரிடம் கேட்டால் "சார், அவன் நல்லவன்" என்பார். ஹாரி வெள்ளைத் தாள் இல்லை, அதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் மூன்றாம் புத்தகத்தில் தன் பெற்றோரைக் காட்டிக்கொடுத்த பெட்டிக்ரூவைக் கொல்ல விடாமல் தடுக்கும் இடத்தையும், ஏழாம் புத்தகத்தில் தன் ஆசிரியை மெக்கானகல் முகத்தில் துப்பியவன் மேல் சித்திரவதை மந்திரத்தையே ஏவுகிற இடத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே ஆள். காட்டுக்குள் தனியாக நடந்துபோய்ச் சாவதற்கு நிற்கிற அத்தியாயத்திலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், சரி, உங்களுக்கும் ஹாரிக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான், அது குற்றம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்தவர்களையும் கேட்டிருந்தீர்கள். நாயகன் என்றால் நெவில்தான், நிறையப் பேர் சொல்கிற பதில்தான், வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காக மாற்றிச் சொல்ல மனசில்லை. தீர்க்கதரிசனம் சொன்ன ஜூலை மாதக் கடைசியில் பிறந்தவர்கள் இரண்டு பேர், நெவில் முப்பதாம் தேதி, ஹாரி முப்பத்தொன்று. வோல்டமோர்ட் ஹாரியைத் தேர்ந்தெடுத்தான். நெவில் தேர்ந்தெடுக்கப்படாதவன், ஆனாலும் ஹாரி செத்துவிட்டான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிற அந்த நிமிடத்தில் வாளை உருவி வோல்டமோர்ட்டின் பாம்பை வெட்டுகிறான். ஆனால் வாளைவிட எனக்கு ஒட்டிக்கொண்டிருப்பது ஐந்தாம் புத்தகத்து மருத்துவமனைக் காட்சி. மகனை அடையாளம் தெரியாத அம்மா ஒரு மிட்டாய்த் தாளைக் கொண்டுவந்து அவன் கையில் வைப்பாள், பாட்டி குப்பையில் போடச் சொல்வாள், அவன் பையில் போட்டுக்கொள்வான். இன்னும் ஒருவன் உண்டு, ரெகுலஸ் பிளாக். கதை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே செத்துப்போனவன், தப்பான பக்கம் சேர்ந்து, உண்மை தெரிந்ததும், வீட்டு வேலைக்காரனான கிரீச்சரைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு விஷத்தைத் தானே குடித்தவன். உயிரோடு ஒரு பக்கத்தில்கூட வராதவன் இவ்வளவு நாள் மனசில் நிற்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

வில்லன் என்றால் வெறுப்புக்கு அம்பிரிட்ஜ், பிடிப்புக்கு பார்ட்டி கிரவுச் ஜூனியர். நான்காம் புத்தகம் முழுக்க மூடி என்ற ஆசிரியரின் உருவத்தில் பாடம் நடத்தியவன். அவன் நல்ல வாத்தியார் என்பதுதான் எனக்கு இன்றுவரை தீராத விஷயம், அந்த வருடம் அவன் சொல்லிக்கொடுத்தது பிள்ளைகளுக்குப் பின்னால் உண்மையாகவே உதவுகிறது. வகுப்பில் சிலந்தி மேல் சித்திரவதை மந்திரத்தைப் போட்டுக் காட்டுவான், நெவில் மேசையைப் பிடித்தபடி உறைந்துபோய் நிற்பான், அப்புறம் பையனைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்து, செடிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தையும் கொடுத்து அனுப்புவான். முதல் வாசிப்பில் எவ்வளவு கனிவான மனிதர் என்று தோன்றும். கடைசியில்தான் இவன் யார் என்று தெரிகிறது. நெவிலின் பெற்றோரை அதே மந்திரத்தால் சிதைத்த குற்றத்துக்குத் தண்டனை பெற்ற நால்வரில் ஒருவன், அந்தப் புத்தகமும்கூட ஹாரிக்கு ஒரு தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைத்த பொறி. ஆனால் அந்த இரவு நெவில் புத்தகத்தைக் காட்டி, செடிகள் விஷயத்தில் நான் நன்றாகச் செய்கிறேன் என்று செடிகள் பாடம் எடுக்கிற ஸ்ப்ரௌட் மேடம் சொன்னதாக மூடி சொன்னார் என்பான், அவன் குரலில் ஹாரி அபூர்வமாகக் கேட்கிற ஒரு பெருமை இருக்கும். அப்படி ஒரு நல்ல வார்த்தை அந்தப் பையன் காதில் விழ அப்படி ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம் கழித்து நடக்கிற கடைசி அத்தியாயத்தில் ஹாரியின் மகன் வாயிலாகப் போகிறபோக்கில் நமக்குத் தெரியவரும், ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் இப்போது செடிகளைப் பற்றிப் பாடம் எடுப்பது பேராசிரியர் லாங்பாட்டம்.